அசுந்தாவின் வாயில் வேறொருத்தி குரல்

காலையில், நான் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் கிழவி அசுந்தாவைச் சக்கர நாற்காலியில் வைத்து, பியாட்சா என்கிற ஊர்ச் சதுக்கம் வழியாகத் தள்ளிக்கொண்டு போனால், காப்பிக் கடை வாசலில் நிற்கும் ஆண்கள் ராகம் போட்டு ஏதோ ஒரு வரி சொல்லிக் கை தட்டுவார்கள். யூரோ வந்த வருஷம்தான் நானும் இத்தாலிக்கு வந்தேன். வந்த புதிதில், அவர்கள் சொல்வது நம்மூர்த் தோத்திரம் மாதிரி ஒரு மரியாதை என்று நினைத்து, அவர்களைப் பார்த்துக் கும்பிட்டு வைத்தேன். கிழவி என் கையை நறுக்கென்று கிள்ளிவிட்டாள்.

அது ஒரு பழைய சிரிப்புப் படத்து வசனம். இந்த நாடே தலையில் தூக்கி வைத்து ஆடுகிற படம். ரோமாபுரியிலிருந்து வந்த டைரக்டர், நடிகைகளை விட்டுவிட்டு, இந்தக் கரையில் மீன் விற்றுக்கொண்டிருந்த அசுந்தாவை நடிக்க வைத்தார். புருஷனைத் தேடி வரும் அதிகாரியிடம் அவள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "எம்புருசன் கடல்ல கெடக்கான். அவசரம்னா நீந்திப் போயிப் பாரு." அவள் பேச்சை நம் பேச்சில்தான் எனக்கு எழுத வரும். அவள் சொன்னதும் படக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அந்தக் காலத்தில் இங்கே படம் பிடித்து முடித்த பிறகுதான் குரல் சேர்ப்பார்கள். அதற்கு அவளைக் கூப்பிடவில்லை. நாடகக்காரி ஒருத்தி ரோமாபுரியில் உட்கார்ந்துகொண்டு, மீன்காரி என்றால் இப்படித்தான் பேசுவாள் என்று மூக்கால் இழுத்துப் பேசிவிட்டாள். முகம் வேண்டும், வாய் வேண்டாம். இத்தனை வருஷமும் ஊர் அந்த மூக்குக் குரலில்தான் அசுந்தாவைக் கூப்பிடுகிறது.

எனக்கு இது புதிதில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தங்கச்சிமடத்துக் கரைக்கு மெட்ராஸிலிருந்து படக்காரர்கள் வந்தார்கள். எங்கள் அய்யாவை வள்ளத்தில் நிற்க வைத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். ராமேஸ்வரம் கொட்டகைக்குப் படம் வந்ததும் குடும்பத்தோடு போனோம். திரையில் அய்யா வாயைத் திறந்தார். எவனோ ஒருவன், நம் கரையில் ஒருவரும் பேசாத கோமாளிப் பேச்சைக் கத்தினான். கொட்டகை சிரித்தது. "அது நான் பேசுனது இல்லப்பா" என்று அய்யா பக்கத்து ஆளிடம் சொன்னார். அதற்கும் சிரித்தார்கள். பிறகு மீன் ஏலத்தில் அவர் வாயைத் திறந்தாலே அந்தக் கோமாளிப் பேச்சுதான் பதிலாக வந்தது. ஓயாமல் வாயாடுகிற மனிதர் பேச்சையே குறைத்துக்கொண்டார்.

போன கோடையில் அந்தப் படத்துக்கு விழா எடுத்தார்கள். அன்றைக்கு உதவி டைரக்டராக இருந்து, இப்போது பெரிய மனிதராகிவிட்டவர், அழைக்க வீட்டுக்கே வந்தார்.

"சாகுறதுக்குள்ள அந்த வரிய ஒருக்கா எங்கொரல்ல சொல்லணும்" என்றாள் அசுந்தா.

அவர் என் பக்கம் திரும்பி, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார். இத்தாலிக்காரியின் கரைப் பேச்சை இத்தாலிக்காரருக்கு ஒரு தங்கச்சிமடத்துக்காரி எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த நாட்டில் நான் கற்றதே அவள் பேச்சு ஒன்றைத்தான். ஆபீஸ்களில் நான் வாயைத் திறந்ததும் சிரிக்கிறார்களே, அவர்கள் சிரிப்பது அவளையும் சேர்த்துத்தான்.

"சிஞ்ஞோரா அம்மா மேடையில் கையை அசைத்தால் போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

விழா மேடையில் அந்த நாடகக்காரி குரலையே ஒலிபெருக்கியில் போட்டார்கள். அசுந்தா வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையையும் அசைக்கவில்லை. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. பக்கத்தில் நின்றவன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி, அந்த வரியை அவள் பேச்சில் நானே சொன்னேன். கறுத்த பொம்பளை தங்கள் கரைப் பேச்சைப் பேசுகிறாள் என்று அரங்கே சிரித்தது. உதவி டைரக்டர் எழுந்து நின்று "பிராவா" என்று கை தட்டினார். நகைச்சுவையாம். நல்லா இருப்பீர்கள்.

"கொண்டா இங்கன" என்று அசுந்தா கையை நீட்டினாள். மைக்கை அவள் வாயருகே பிடித்தேன்.

"எம்புருசன் கடல்ல கெடக்கான். அவசரம்னா நீந்திப் போயிப் பாரு." கரகரத்த குரலில் சொன்னவள், மூச்சு வாங்கிக்கொண்டு, "ஏலே" என்று முடித்தாள். வீட்டில் மிக்சியோடும் குழாயோடும் சண்டை போடும்போது நான் சொல்கிற சொல்.

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கும்போது உதவி டைரக்டர் என்னிடம் வந்து, அந்தக் கடைசிச் சொல் எந்த ஊர்ப் பேச்சு என்று கேட்டார்.

"எங்க கரைப் பேச்சுதான்" என்று அசுந்தாவின் பேச்சிலேயே சொல்லிவிட்டு நாற்காலியைத் தள்ளினேன்.