மானிஸின் மூச்சை எண்ணிய காலை

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை காலை. மலேசியாவில் சுங்கை சிப்புட் ஊரைத் தாண்டி, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில் ஒரு குதிரை லாயம் இருக்கிறது. ஈப்போவில் சூப்பர் மார்க்கெட் வேலையை விட்டுவிட்டு நான் அங்கே சேர்ந்து அப்போது ஐந்து வருடம். தீனி போடுவது, குளிப்பாட்டுவது, சாணி அள்ளுவது எல்லாம் நான்தான். பெற்ற பிள்ளைகளைவிடக் குதிரைகளிடம்தான் அதிகம் பேசுகிறேன் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். பொய்யில்லை.

என் செல்லம் மானிஸ். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற பெண் குதிரை. சின்னப் பிள்ளைகள் முதுகில் ஏறினால் அசையாமல் நிற்கும். ஊசியைக் கண்டால் மட்டும் கட்டிய கம்பத்தையே பிடுங்கப் பார்க்கும். அதன் தாடைக்கு அடியில் முட்டை அளவுக்கு ஒரு கட்டி. அன்று அதை அறுத்து எடுக்க ஈப்போவிலிருந்து டாக்டர் வருவதாக ஏற்பாடு. அவரும் தமிழ்ப் பெண்தான், என்னைவிடப் பத்து வயது இளையவர்.

ஆபரேஷனுக்காகப் பட்டினி போட்டிருந்ததாலோ என்னவோ, விடிந்ததிலிருந்தே மானிஸ் பதறிக்கொண்டிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. போன மாதம் லாடம் அடித்தபோது அதை அமைதிப்படுத்த டாக்டர் கொடுத்த ஜெல் பாதி மிச்சம் இருந்தது. ஊசிக்குப் பயப்படாமல் இருக்கட்டுமே என்று அதை எடுத்து நாக்குக்கு அடியில் பிதுக்கிவிட்டேன். பெரிய டாக்டர் என்று நினைப்பு எனக்கு.

அரை மணி நேரத்தில் டாக்டர் வந்தார். ஊசியை எடுக்கும் முன், "அக்கா, வேற ஏதாச்சும் மருந்து குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

பக்கத்தில் முதலாளி நின்றிருந்தார். டாக்டரைக் கேட்காமல் மருந்தைத் தொட்டால் வேலை போய்விடும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். "இல்ல டாக்டர்" என்றேன்.

முதல் ஊசி சாந்தப்படுத்த. அதைப் போட்டதுமே மானிஸின் தலை முழங்கால்வரை தொங்கிவிட்டது. "அட, இன்னைக்கு நல்ல பிள்ளையா இருக்கே" என்று டாக்டர் சிரித்தார். இரண்டாவது ஊசி முழு மயக்கத்துக்கு. புல் தரையில் மானிஸ் மெல்லச் சரிந்து படுத்தது.

"அக்கா, நீங்க விலாவ பாத்து மூச்ச எண்ணுங்க. நிமிசத்துக்கு எத்தனன்னு சத்தமா சொல்லிட்டே இருங்க லா."

எண்ணினேன். எட்டு. அடுத்த நிமிடம் ஆறு. பிறகு ஐந்து. டாக்டரின் கை வேகமாக ஓடியது, ஆனால் கட்டி நினைத்ததைவிட ஆழம். மயக்கம் தெளிவதற்குள் முடியாது என்று இன்னொரு ஊசியில் மயக்க மருந்தை நிரப்பினார். நான் விலாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எழவில்லை. எழவே இல்லை. மாதாவே, மாதாவே என்று மனசு அடித்துக்கொண்டது. "நாலு" என்று சொல்லும்போதே அழுகை வெடித்துவிட்டது.

"டாக்டர், போடாதீங்க! நான் காலையில அந்த ஜெல்ல குடுத்துட்டேன்!"

முதலாளி என்னவோ கத்தினார். டாக்டர் அவரைப் பார்க்கவேயில்லை. "எவ்வளவு? எத்தன மணிக்கு?" என்று மட்டும் என்னிடம் கேட்டார். அரைக் குழாய், ஏழரை மணி என்றேன். நிரப்பிய ஊசியை ஓரமாக வைத்துவிட்டு, மானிஸின் மூக்கில் ஆக்சிஜன் குழாயைச் செருகினார். கட்டியைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தை மட்டும் போட்டு மிச்ச வேலையை முடித்தார். அதுவரை நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். நாலு. நாலு. ஐந்து. ஏழு.

மானிஸ் தெளிய வெகு நேரம் ஆனது. அதன் கண்ணைத் துண்டால் மூடி, தலைமாட்டில் உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். டாக்டர் போகவில்லை, என் பக்கத்திலேயே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"பாசத்துல குடுத்தீங்கன்னு தெரியுதுக்கா. ஆனா எங்கிட்ட மறைச்சா, நான் கண்ண கட்டிக்கிட்டு ஊசி போடுற மாதிரி ஆயிரும்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

முதலில் ஒரு காது அசைந்தது. பிறகு மானிஸ் புரண்டு, கால் பின்ன எழுந்து நின்று, என் தோளில் தலையைப் போட்டது. அந்தக் கனம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வேலை போகவில்லை, ஆனால் முதலாளி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அது நியாயம்தான்.

அன்றிலிருந்து எந்தக் குதிரைக்கு எந்த மருந்து போனாலும், பெயரையும் நேரத்தையும் ஒரு பிளாஸ்திரியில் எழுதி அதன் தலைக்கயிற்றில் ஒட்டிவிடுவேன். டாக்டர் இன்றும் ஒவ்வொரு முறையும் ஊசிக்கு முன் அதே கேள்வியைக் கேட்கிறார். எதுவும் கொடுக்காத நாளில் நானும் அன்று சொன்ன அதே "இல்ல டாக்டர்" என்ற பதிலைத்தான் சொல்கிறேன், இப்போது அது உண்மை. தலைக்கயிற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், என் வார்த்தையை நம்பி அவர் ஊசியைக் கையில் எடுக்கிறார்.