ஜன்னல் அக்காவின் டப்பா

முன்கையைக் கண்ணாடியில் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருக்கிறார் ஜன்னல் அக்கா. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போல, கண்ணை மூடிக்கொண்டு. "கொதிக்குது தம்பி. இப்ப தண்ணி போட்டா போட்ட எடத்துலயே காஞ்சிரும். கொஞ்சம் பொறுங்க, வெயில் அந்தப் பக்கம் திரும்பட்டும்" என்கிறார். வெயில் திரும்பும்வரை சுவரோரம் உட்கார்ந்து தன் ஓரகத்தியை வம்புக்கு இழுக்கிறார்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் ஜன்னல் அக்காதான். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்ட இரண்டு பேர் சேர்ந்து செய்யும் தொழில் இது. மூத்தவரான அக்காவுக்கு உள்பக்கம், ஓரகத்திக்குப் பால்கனிப் பக்கம். ஒரே கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றுகொண்டு, மாமியார் வீட்டுக் கதையை வாயசைவிலேயே பேசி முடித்துவிடுவார்கள். "எங்களுக்குள்ள சண்டையே வராது தம்பி. நடுவுல கண்ணாடி இருக்குல்ல" என்பார் அக்கா.

என் மனைவி வேலைக்குப் போகிறாள். நான் வீட்டில் இருந்து எங்கள் பத்து மாதப் பயலைப் பார்த்துக்கொள்கிறேன். பார்த்துக்கொள்கிறேன் என்பது பேச்சுக்குத்தான். ராத்திரியெல்லாம் அவன் தூங்கவிடுவதில்லை, பகலில் நான் பாதிக் கண்ணால்தான் உலகத்தைப் பார்க்கிறேன். அதனால்தானோ என்னவோ, அக்கா வரும் நாட்கள் எனக்குக் கனவு மாதிரியே கழியும். சோப்புத் தண்ணீர் வழிய வழிய எதிர்க் கட்டடம் மெல்லக் கரையும். கீழே போகும் பஸ் நீளும், சுருங்கும், இரண்டாகும். பால்கனியில் நிற்கும் ஓரகத்தி தண்ணீருக்குள் நீந்துகிறவர் போலத் தெரிவார். அக்கா வைப்பரை ஓர் இழுப்பு இழுத்ததும் எல்லாம் அதனதன் இடத்துக்குத் திரும்பிவிடும். எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும்.

பிளேடு பொருத்திய சுரண்டியை அவர் எல்லா ஜன்னலுக்கும் எடுப்பதில்லை. சுவருக்கு வர்ணம் பூசியவர்கள் தெளித்துவிட்டுப் போன பெயின்ட் புள்ளி, ஸ்டிக்கரை உரித்த பிறகு தங்கும் பிசின், இவற்றுக்குத்தான். முதலில் கண்ணாடி சொட்டச் சொட்ட நனைய வேண்டும். "தண்ணி தொடாம சவரம் பண்ணினா மூஞ்சி என்னத்துக்காகும்?" பிறகு யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் லேசாக ஒரு தள்ளு தள்ளி, காதைக் கொடுத்துக் கேட்பார். நறநறவென்றால் மணல் இருக்கிறது என்று அர்த்தம், மறுபடியும் தண்ணீர். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் சரி. பிளேடைச் சாய்த்துப் பிடித்து முன்னால் தள்ளுவார், தூக்குவார், பழைய இடத்துக்குக் கொண்டுவந்து வைத்து மறுபடி தள்ளுவார். இழுப்பது என்ற பேச்சே கிடையாது. இழுத்தால், அடியில் சிக்கிய துகளும் கூடவே வந்து கண்ணாடியில் கோடு போட்டுவிடுமாம். "போறது வேலை தம்பி. திரும்பி வர்றது வினை." இந்தப் பழமொழியை வேறு யார் வாயிலும் நான் கேட்டதில்லை. சொந்தத் தயாரிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

கூர் பார்க்க இடுப்புப் பையில் ஒரு துண்டுப் பஞ்சு வைத்திருக்கிறார். பிளேடின் விளிம்பில் அதை லேசாக ஓட்டுவார். ஓர் இழை சிக்கினாலும் அந்தப் பிளேடின் ஆயுள் முடிந்தது. "விரலால தடவிப் பார்த்தா தெரியாதா அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன். "தெரியும். அப்புறம் கூட்டிக் கழிக்க விரல் வேணாமா?" என்றார். ஓரகத்தி வெளியே சிரித்தது எனக்குக் கேட்கவில்லை, தோள் குலுங்கியது மட்டும் தெரிந்தது.

பிளேடு மாற்றுவதென்றால் உட்கார்ந்துதான். "நின்னுக்கிட்டு பிளேடு மாத்துறதும் ஓடுற பஸ்ல கண்ணுக்கு மை தீட்டுறதும் ஒண்ணு." கையுறை போட்ட விரல்களால் கூரில்லாத முதுகுப் பக்கத்தைப் பிடித்துப் பழையதை உருவுவார். அப்போது வாய் தானாக மூடிக்கொள்ளும். அவர் பேசாமல் இருக்கும் நேரம் அது ஒன்றுதான். கணவர் போனில் கூப்பிட்டாலும் அடித்து ஓயட்டும் என்று விட்டுவிடுவார். பழைய பிளேடு நேராக ஒரு காலிப் பால்பவுடர் டப்பாவுக்குள் போகும். மூடியில் உண்டியலில் உள்ளது போல ஒரு கீறல், சுற்றிலும் டேப். உள்ளே போனது வெளியே வராது. 'டிங்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் புதியது உறையைவிட்டு வெளியே வரும். "ஒரு நேரத்துல ஒரு பிளேடுதான் வெளிய இருக்கணும். ரெண்டு மருமகளும் சேர்ந்து கோவிச்சுக்கிட்டா வீடு தாங்குமா?"

அந்த 'டிங்' என்றால் எங்கள் பயலுக்கு உயிர். அக்கா முக்காலியில் உட்கார்ந்ததுமே தவழ்வதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பான். சத்தம் கேட்டதும் கை தட்டுவான்.

போன முறை வந்தபோது பால்கனிக் கதவின் இடது கண்ணாடியை முடித்துவிட்டு, வலது கண்ணாடியில் பெயின்ட் புள்ளிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பிளேடு பஞ்சை இழுத்தது. முக்காலியில் உட்கார்ந்தார், வாயை மூடினார், பழையதை உருவினார். நான் சோபாவில் அரைத் தூக்கத்தில் இருந்தேன். அந்த நேரம் பார்த்து எங்கள் பயல் அக்காவின் வாளியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். பிறந்ததிலிருந்து முதல் முறையாக. நின்றவன், அதைவிடப் பெரிய காரியமாக, வாளியை விட்டுவிட்டான்.

ஆடினான். அக்காவின் கை பாய்ந்து அவனைப் பிடித்தது. பால்கனியில் ஓரகத்தி குதித்தார். நான் போனைத் தேடி எடுத்து மனைவியிடம் சொன்னேன், அவள் அலுவலகத்தில் உட்கார்ந்து அழுதாள். "சின்ன மொதலாளி நின்னுட்டாரு! இனிமே வீட்டுல எந்தச் சாமானும் நிக்காது" என்றார் அக்கா. பிறகு புதுப் பிளேடைப் பொருத்தி மிச்ச வேலையை முடித்தார். பயல் தரையில் உட்கார்ந்து டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். கை தட்டவில்லை.

அவர்கள் சாமான்களை எடுத்துவைக்கும்போது எனக்கு என்னவோ குறைவது போலிருந்தது. "அக்கா, இன்னிக்கு 'டிங்' கேக்கலையே?" என்றேன். விளையாட்டாகத்தான் கேட்டேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "பிள்ளையைத் தூக்குங்க தம்பி" என்றார். "மொதல்ல தூக்குங்க. யாரும் காலை நகத்தாதீங்க."

தூக்கம் போன இடம் தெரியவில்லை. கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் போடுகிறவன் என் பிள்ளை. அக்கா போனின் டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்து, குப்புறப் படுத்து, எங்கேயாவது மின்னுகிறதா என்று பார்த்தார். இடுப்புப் பையைக் கவிழ்த்தார். துணிகளைப் பிழியாமல், உதறாமல், ஒவ்வொன்றாக விரித்தார். வாளித் தண்ணீரைக் குளியலறையில் வடித்தார். சுரண்டியைக் கழற்றிப் பார்த்தார், அதில் புதியது மட்டும்தான் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. இடுப்பில் இருந்தவன் வேறு, புதிதாகக் கற்ற வித்தையை மறந்துவிடுவோமோ என்பது போல, ஜன்னல் பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து இறங்கத் துடித்தான்.

"வெளிய எங்கயாச்சும் தெறிச்சிருக்கும்க்கா" என்றார் ஓரகத்தி. "கீழ் வீட்டுல ரெண்டு தடவை கூப்ட்டுட்டாங்க."

"அவங்க வீட்டு ஜன்னல் அழுக்கா இருந்தா யாரும் சாகப் போறதில்ல. நீ வேணா போ. அது கெடைக்காம நான் இந்த வாசலைத் தாண்ட மாட்டேன்."

பிறகு தேடுவதை விட்டுவிட்டு முக்காலியில் போய் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். மடியில் சுரண்டி இருப்பது போல இடது கையை வைத்தார். வலது கை எதையோ உருவியது. "பிள்ளை நின்னுச்சு... நான் பிடிக்கப் போனேன்..." என்று முணுமுணுத்தார். பிள்ளையைப் பிடிக்க ஒரு கை பாயும் முன்பே, பிளேடு இருந்த வலது கை, அவரைக் கேட்காமலே, பக்கவாட்டில் போனது. அங்கே துடைத்து முடித்த இடது கண்ணாடி இருந்தது.

கண்ணைத் திறந்தார். பிளேடு அங்கேதான் இருந்தது. தன் மேலிருந்த சோப்புத் தண்ணீரிலேயே கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, மேகத்தின் நிறத்தில், மேகத்தின் மேல். நாங்கள் எல்லோரும் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம், பயல் ஒருவனைத் தவிர. என் இடுப்பிலிருந்து சாய்ந்து சாய்ந்து அவன் அந்தப் பிளேடைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். முக்காலியில் உட்கார்ந்தவர் கை எட்டிய உயரம். நிற்கக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கும் எட்டும். ஈரம் காய்ந்து ஒரு முனை ஏற்கெனவே பெயர்ந்திருந்தது.

அக்கா அதைப் பிய்க்கவில்லை. தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, முதுகைப் பிடித்து நழுவவிட்டு எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒரு மூலையில் நொய்யரிசி அளவுக்கு உடைந்திருந்தது. "இந்தத் துண்டு பெயின்ட்ல மாட்டி உடைஞ்சு தண்ணியோட போச்சா, கழட்டும்போது கீழ விழுந்துச்சா, தெரியலையே" என்றார். பிளேடைக் கீறலுக்குள் விட்டார். 'டிங்'. பயல் கை தட்டினான். யாரும் சிரிக்கவில்லை.

"அதான் கெடைச்சிருச்சே, வாங்கக்கா" என்றார் ஓரகத்தி.

அக்கா ஈரத்துணியால் அறையை மூலைக்கு மூலை ஒற்றி எடுத்தார். துணியை விரித்துப் பார்த்தார், ஒன்றுமில்லை. அப்புறம் கையுறைகளைக் கழற்றி ஓரமாக வைத்தார். கண்ணாடிக் கதவடியில் மண்டியிட்டு, வெறும் உள்ளங்கையைத் தரையில் பதித்து, முன்னால் தள்ளினார். தூக்கினார், திரும்பக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார், மறுபடி தள்ளினார். சோபாவின் அடிவரைக்கும், எதிர்ச் சுவர்வரைக்கும் அப்படியே போனார். கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்ப எறக்கி விடுங்க தம்பி" என்றார்.