ஏன் அக்காவின் இழைப்புளி

என் அக்காவோடு கடைக்குப் போகிறவனுக்குப் பொறுமை மட்டும் போதாது, உட்கார ஒரு ஸ்டூலும் வேண்டும். ஒரு பூட்டு வாங்கப் போனால்கூட, அது ஏன் இந்தப் பக்கம் திரும்புகிறது, ஏன் அந்தப் பக்கம் திரும்பவில்லை என்று கேட்பாள். "எனக்கும் தெரியலம்மா" என்று கடைக்காரர் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டுத்தான் பையைத் திறப்பாள். தெருவில் அவளுக்குப் பெயரே 'ஏன் அக்கா'. அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். "என்னை ஏன்டா அப்படிக் கூப்பிடறாங்க?" என்று ஒருநாள் என்னையே கேட்டாள். நான் என்னத்தைச் சொல்ல!

அவளுக்கு வேலை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில். லென்ஸ் தேய்ப்பாள். குழிவான அச்சில் கண்ணாடியை வைத்து, தண்ணீரும் பொடியும் விட்டு, வட்ட வட்டமாகத் தேய்த்துத் தேய்த்து வளைவு கொண்டுவர வேண்டும். பள்ளிக்கூடம் முடித்ததும் 'சும்மா ஒரு மாசம்' என்று போனவள், இருபத்திரண்டு வருஷமாக அங்கேயே இருக்கிறாள். கண்ணாடி ஏன் எழுத்தைப் பெரிதாக்குகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் போனாளாம். தெரிந்துகொண்ட பிறகு வர மனமில்லை. இன்று வீட்டில் தரையைத் துடைத்தாலும் அவள் கை வட்டம்தான் போடும்.

மாமா, அதாவது அவள் கணவர், கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். கண்ணில் மாட்டிக்கொள்கிற லென்ஸ் ஒன்று கீறிப்போய் அதைச் சரிசெய்ய வந்த இடத்தில்தான் அக்காவைப் பார்த்தார். அவள் கேட்ட நாற்பது கேள்விக்கும் நின்று பதில் சொன்ன ஒரே வாடிக்கையாளர் அவர்தான் என்பாள் அக்கா. அதற்குப் பிறகு பதினெட்டு வருஷமாக அவர் அவ்வளவாகப் பேசியதில்லை. பேசவேண்டியதை எல்லாம் அன்றைக்கே பேசி முடித்துவிட்டார் என்பது என் கணக்கு.

அவர் வேலை பார்த்த கடையை முதலாளி மூடிவிட்டார். மாமா தன் கருவிகளை ஒரு தகர டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். அந்த மேஜையோ ஒரு பக்கம் நீர் பட்டு உப்பி, சரிந்து, தொட்டால் ஆடும். கடிகார ஸ்க்ரூ கடுகில் பாதி இருக்கும். துணி விரித்தால் நூலில் சிக்கியது. தட்டு வைத்தால் கையை ஊன்ற இடமில்லை. ஒருநாள் ஒரு பெண்மணியின் கடிகாரத்து ஸ்க்ரூ உருண்டு விழுந்தது. டார்ச் அடித்துக்கொண்டு மாமாவும் நானும் அக்காவும் இரண்டு மணி நேரம் தரையில் தவழ்ந்தோம். கிடைக்கவில்லை. அந்தம்மா வாசலில் நின்று, "தொழில் தெரியாதவங்ககிட்டக் குடுத்தது என் தப்பு" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மாமா தகர டப்பாவை மூடி அலமாரியின் மேலே வைத்தார். ஒரு சரக்குக் கிடங்கில் காவலாளி வேலைக்குச் சொல்லி வைத்தார். மூன்று வாரத்தில் வரச் சொல்லி யூனிஃபார்மும் கொடுத்துவிட்டார்கள். காவல் வேலையில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் ஸ்க்ரூ தொலைந்த மறுநாளே தேடிப்பிடித்து அதே அளவு ஸ்க்ரூ ஒன்றை வாங்கி, காகிதத்தில் மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார் மனிதர். யாரிடம் கொடுக்க?

"மத்தியானம் கண்ணசந்தாக்கூட அவர் ரெண்டு விரலும் எதையோ பிடிச்சுக்கிட்டே இருக்குடா. பாக்க முடியல" என்றாள் அக்கா. "அவருக்கு ஒரு மேஜை வேணும். ஆடாம, சரியாம."

கடையில் விற்கிற மேஜைகள் ஒன்று தூள்பலகை, இல்லாவிட்டால் யானை விலை. பரணில் பழைய கட்டிலின் கனமான பலகைகள் இரண்டு கிடந்தன. கீழே இறக்கித் தரையில் போட்டதும் டொக் டொக் என்று ஆடின. இரண்டும் முறுக்கிக்கொண்டிருந்தன. மர மில்லில் கொண்டுபோய்க் கேட்டோம். உள்ளே பழைய ஆணி இருந்தால் மெஷின் பிளேடு போய்விடும் என்று தொடவே மாட்டோம் என்றார்கள். ஆணியை எல்லாம் பிடுங்கிவிட்டதாகச் சொல்லியும் நம்பவில்லை. பக்கத்துத் தெருத் தச்சரிடம் போனோம். எதைக் கேட்டாலும் 'முக்காலிஞ்சு' என்பார், அதனால் அவருக்கு அதுவே பெயர்.

"கால் போட்டு, ரெண்டையும் ஒட்டித் தர்றது என் பொறுப்பு. ஆனா இழைக்கறதுக்கு அடுத்த மாசம்தான் எனக்கு நேரம்" என்றார்.

"உங்க இழைப்புளியைக் குடுங்க, நாங்களே இழைச்சுக்கறோம்" என்றேன், ஏதோ பெரிய ஆள் மாதிரி.

"தம்பி, பல் தேய்க்கற பிரஷ்ஷையும் இழைப்புளியையும் நான் கடன் குடுக்கறதில்ல."

அப்படித்தான் இழைப்புளி வாங்கப் புறப்பட்டோம். ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் என் ஞாயிற்றுக்கிழமையைக் கடித்தாள் அக்கா.

ஹார்டுவேர் கடைக்காரர் மூன்று இழைப்புளிகளை எடுத்து வைத்தார். ஒன்று உள்ளங்கை நீளம், ஒன்று முழங்கை நீளம், ஒன்று கிட்டத்தட்ட கை நீளம். "இந்தச் சின்னதுதான்மா மலிவு. எடுத்துட்டுப் போங்க" என்றார்.

"ஏன் மூணு நீளம்?"

"சின்ன வேலைக்குச் சின்னது, பெரிய வேலைக்குப் பெருசு."

"அது சரி. ஏன்?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஸ்டூலைத் தேடினேன்.

மூலையில் கூரைக்குப் போடுகிற சிமெண்ட் ஷீட்டுகள் மேடும் பள்ளமுமாக அடுக்கியிருந்தன. அக்கா சின்ன இழைப்புளியை எடுத்துப்போய் அதன்மேல் வைத்தாள். அது பள்ளத்துக்குள் இறங்கி சுகமாகப் படுத்துக்கொண்டது. முழங்கை நீளத்தை வைத்தாள். அது பள்ளத்தில் இறங்காமல் மேடுகளின் தலையில் உட்கார்ந்தது.

"பாருடா! சின்னது பள்ளத்துக்குள்ளயே போய் அதையும் சேத்து இழைக்கும். பலகை வழவழன்னு ஆகும், சமமா ஆகாது. நீளமா இருந்தா மேட்டை மட்டும்தான் தொடும். மேடு குறையக் குறையத்தான் பள்ளத்துக்கு வரும்!" அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கடைக்காரரே இறங்கி வந்து, தானும் ஒருமுறை வைத்துப் பார்த்தார். இத்தனை வருஷமாக விற்கிறவர்!

கை நீளமுள்ளது இன்னும் நன்றாக உட்கார்ந்தது. ஆனால் விலையைக் கேட்டு நான் இருமினேன். நாலு தரம் தள்ளிப் பார்த்து அக்கா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஆக, முழங்கை நீளம்தான் என்று முடிவானது. அதையாவது சட்டென்று வாங்கினாளா? பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து அதன் அடிப்பக்கத்தில் நிறுத்தி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "நடுவுல வெளிச்சம் தெரியுது. இது குழிஞ்சிருக்கு."

"ஏம்மா, இதை மூஞ்சியில மாட்டிக்கவா போறீங்க?" என்றார் கடைக்காரர். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவள் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, இழைப்புளியைத் திருப்பி வைத்துவிட்டுக் கடையை விட்டு இறங்கினாள்.

கடைசியில் பழைய சாமான் கடையில் ஒன்று கிடைத்தது. துருப்பிடித்து, கைப்பிடியில் ஒரு சில்லு போய், பார்க்கவே பாவமாக இருந்தது. அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஸ்கேலை வைத்தால் வெளிச்சம் தெரியவில்லை. பிளேடு எட்டிப் பார்க்கிற வாயில் விரிசல் இல்லை. பிளேடு நுனி பொக்கைதான், ஆனால் தேய்க்க இன்னும் இரண்டு விரல் நீளம் இருந்தது. துருவைக் கண்டுகொள்ளவே இல்லை. "துரு மேல்தோலுடா. கைப்பிடி மரம், ஒட்டிக்கலாம். எலும்பு நல்லாருக்கு." அவள் விடாக்கண்டன், கடைக்காரர் கொடாக்கண்டன், புதியதில் கால் பங்கு விலைக்கு முடிந்தபோது எனக்குப் பசியில் காது அடைத்துவிட்டது.

துருவைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிய உப்புத்தாளில் நீட்டித் தேய்த்துப் போக்கினாள். பொக்கை பிளேடைத்தான் தன் பட்டறைக்கு எடுத்துப் போனாள். கண்ணாடியையே தேய்க்கிறவளுக்கு இரும்பு எம்மாத்திரம் என்று நானும் நினைத்தேன். கிணறு வெட்ட பூதம் கிளம்பியது. சாயங்காலம் கொண்டுவந்து ஸ்கேலை வைத்தாள்: நடுவில் ஒட்டியது, இரண்டு மூலையிலும் வெளிச்சம். பிளேடு நுனி வளைந்திருந்தது. மறுநாள் மறுபடியும் தேய்த்தாள். மறுபடியும் வளைவு. மூன்றாம் முறையும் அதேதான். பிளேடு வேறு குட்டையாகிக்கொண்டே வந்தது. மாமா வேலைக்குச் சேர ஆறே நாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "சாணை பிடிக்கறவன்கிட்டக் குடுத்திருந்தா அஞ்சு நிமிஷ வேலை! எல்லாத்தையும் நீயேதான் பண்ணிப் பாக்கணுமா?"

அக்கா பிளேடைக் கீழே வைத்தாள். "இருபத்திரண்டு வருஷமா வளைச்ச கைடா இது. நேரா தேய்க்கணும்னு நினைக்கறேன், அதுவா சுத்துது" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். என் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது. சமாதானம் சொல்லத் தெரியாமல் டீ வாங்கிவர ஓடினேன்.

திரும்பி வந்தபோது அவள் அழுகையை நிறுத்திவிட்டு, பிளேடைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீயை வாங்கிக்கொண்டு கேட்டாள்: "ஆமா, இது ஏன் நேராத்தான் இருக்கணும்?"

வளைந்த பிளேடை அப்படியே இழைப்புளியில் மாட்டினாள்; பின்பக்கம் இரண்டு முக்காலிகளின் மேல் பலகைகளை ஒவ்வொன்றாகப் போட்டோம். பலகை நகராமல் இருக்க ஒரு முனையில் நான் உட்கார்ந்தேன். என் எடைக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே மரியாதை அதுதான். அக்கா பலகையின் நீளவாக்கில் ஒரு தள்ளு தள்ளினாள். வாய்க்கால் மாதிரி ஒரு கோடு விழுந்தது. "சரிதான், போச்சு" என்றேன் நான். அவள் காதில் வாங்கவில்லை. குறுக்குச் சாய்வாகத் தள்ளினாள். பிளேடின் மூலை எங்கும் குத்தவில்லை, கை வலிக்கவில்லை, கெட்டியான சீவல் சரக் சரக்கென்று வந்தது. இந்தச் சாய்வில் ஒரு சுற்று, அந்தச் சாய்வில் ஒரு சுற்று. பலகையின் இரு கோடியிலும் நேரான குச்சி ஒவ்வொன்றை வைத்து, ஒற்றைக் கண்ணால் பார்ப்பாள். எந்த மூலை தூக்கியிருக்கிறதோ அங்கே மறுபடியும் இழைப்பாள். மேடு கரைந்துகொண்டே வந்தது. பிறகு பிளேடை உள்ளே இழுத்து, முடியளவு மட்டும் வெளியே விட்டு, நீளவாக்கில் போனாள். நான்கு நாள், வேலைக்குப் போய் வந்த நேரம் போக. உள்ளே மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், பக்கத்தைப் புரட்டாமலே.

ஞாயிறு காலையில் முக்காலிஞ்சு வந்து பலகைகளை ஒட்டிக் கால் போட்டார். நீளமான சட்டத்தை மேலே வைத்து எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டு, புருவத்தை உயர்த்தினார். "யார் இழைச்சது? சட்டம் எங்கயும் ஆடல. ஆனா கையை வச்சுப் பாருங்க, லேசா அலை அலையா இருக்கு. பிளேடு வளைஞ்சதால வந்த தடம். கவலைப்படாதீங்க, உப்புத்தாள் மெஷினைப் போட்டு அரை மணியில கண்ணாடி மாதிரி ஆக்கிடறேன்." மெஷினின் வயரை எடுத்துப் பிளக்கில் செருகினார்.

மாமா எழுந்து வந்தார். மறுநாள் வேலைக்குச் சேர வேண்டும்; யூனிஃபார்ம் இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கியது. மேஜையை ஒரு பக்கம் பிடித்து அசைத்தார். அசையவில்லை. சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, அந்த ஸ்க்ரூவை ஒரு சாண் உயரத்திலிருந்து மேஜையில் போட்டார். அது ஒரு துள்ளு துள்ளி, விரற்கடை தூரம் உருண்டு, ஒரு மெல்லிய தடத்துக்குள் இறங்கி நின்றுவிட்டது. எடுத்து ஓரத்தில் போட்டார். அங்கேயும் நின்றது. விரலால் லேசாகச் சுண்டினார். அடுத்த தடம்வரை போய் நின்றது.

முக்காலிஞ்சு மெஷினை ஓடவிட்டார்.

"நிறுத்துய்யா!"

மாமா கத்தி நாங்கள் யாரும் கேட்டதில்லை. முக்காலிஞ்சு பயந்துபோய் வயரைப் பிடுங்கிவிட்டார்.

"இதுமேல யாரும் கை வைக்காதீங்க" என்றார் மாமா. குனிந்து, கன்னம் பலகையில் படும்படி வைத்து, அந்த ஸ்க்ரூவையே பார்த்தார். தலையைத் தூக்கி அக்காவிடம் கேட்டார்: "இது ஏன் உருளல?"

பதினெட்டு வருஷத்தில் அவர் அவளை ஏன் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்குத் தெரியாத காரணமா? அக்கா தன் வலது கையைத் தூக்கி, காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். மாமா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, அலமாரி மேல இருக்கற டப்பாவை இறக்கு. அப்படியே அந்த யூனிஃபார்மையும் திருப்பிக் குடுத்துட்டு வந்துடு."