நைனா பார்த்த பாதிச் சந்தை

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரே மாதத்தில், நான் விண்ணப்பம் போட்டிருந்த இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் என்னை ஆராய்ச்சிக்கு வரச்சொல்லிக் கேட்டன. பொன்னேரிக்குப் பக்கத்தில் நெல் பயிரிடும் எங்கள் வீட்டில் அதைக் கொண்டாடத் தெரியவில்லை. பேரம் பேசத்தான் தெரிந்தது.

அப்போது சென்னையில் வேதியியல் எம்.எஸ்ஸி. முடிக்கும் தறுவாயில் இருந்தேன். பழவேற்காட்டு ஏரியில் மழைக்கு முன்னும் பின்னும் உப்பு எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்பதில் எனக்கு ஒரு கிறுக்கு. பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டு ரயிலேறுவேன். கல்லூரியிலோ துறைக்கெல்லாம் சேர்த்து உருப்படியான தராசு ஒன்றே ஒன்று. அந்த அறையின் சாவி துறைத்தலைவரின் சட்டைப்பையில் இருக்கும்; அவர் லீவு போட்டால் தராசுக்கும் லீவு. அவரைச் சொல்லி என்ன பயன்? வேறு கல்லூரி எதுவும் அவரைக் கூப்பிடப் போவதில்லை. அவரைத் தக்கவைத்துக்கொள்ளவும் யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. எல்லாக் கல்லூரிக்கும் ஒரே பல்கலைக்கழகம், ஒரே பாடம், ஒரே கேள்வித்தாள்.

அமெரிக்காவில் அப்படியில்லை என்று பக்கத்து ஊரான புதுவாயலைச் சேர்ந்த நண்பன் ஒருவன் எழுதியிருந்தான். எனக்கு ஒரு வருடம் முன்னால் படித்து முடித்து அங்கே போனவன். இன்றைக்குப் பெயர் பெற்று நிற்கும் பல்கலைக்கழகங்களில் பல, ஒரு காலத்தில் பாதிரிமார்களைத் தயார் செய்த சின்னக் கல்லூரிகளாம். ஒரு கல்லூரி ஆய்வுக்கூடம் கட்டியது, நல்ல மாணவர்கள் அங்கே ஓடினார்கள், பணக்காரர்களின் நன்கொடையும் பின்னாலேயே ஓடியது. பக்கத்துக் கல்லூரி சும்மா இருந்தால் கடையைச் சாத்த வேண்டியதுதான். அதுவும் ஆய்வுக்கூடம் கட்டியது, முதல் கல்லூரியின் பேராசிரியரையும் ஆசை காட்டி இழுத்துக்கொண்டது.

இதை அப்பாவுக்கு, எங்கள் வீட்டு வழக்கில் நைனாவுக்கு, படித்துக் காட்டினேன். காலேஜ் சமாசாரம் எதையும் காதில் போட்டுக்கொள்ளாத மனிதர், அன்றைக்கு இரண்டாவது தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

அறுத்த கையோடு களத்திலேயே நெல்லை விற்றுவிடுகிறவர்களை அவர் ஒரு ஆளாகவே மதிக்கமாட்டார். குதிரில் கொட்டிவைத்து, வியாபாரிகள் இரண்டு பேர் வந்து போட்டி போடும்வரை வாயைத் திறக்கமாட்டார். அந்த மூளை உடனே வேலை செய்தது.

"ரெண்டு பேர் கேக்கறானுங்கன்னா சரக்கு நல்ல சரக்கு. ஒடனே தலையாட்டினா வெல படுத்துடும். கம்முனு இரு."

ஒரு இடத்தில் கேட்டிருப்பதை மற்ற இடத்துக்கு எழுதச் சொன்னார். கூச்சத்தோடு எழுதினேன். அவர்கள் உதவித்தொகையைக் கூட்டிப் பதில் போட்டுவிட்டார்கள்! அதுதான் வினையாகப் போயிற்று. தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி நைனா இதைச் சொன்னார். இன்னும் ஏறும் என்றார்.

சித்திரை பிறப்பதற்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று இரண்டு இடத்திலும் கண்டிப்பாக எழுதியிருந்தார்கள். வியாபாரி வைக்கும் கெடுவை நைனா என்றைக்கும் நம்பியதில்லை. கெடு வைக்கிறவனுக்குத்தான் அவசரம் என்பார். கெஞ்சினேன், சாப்பிடாமல் கிடந்தேன். விமானச் செலவு அவர் கையிலிருந்துதான் வரவேண்டும், அவரை மீறி நான் எங்கே போவது? சித்திரை பிறந்தது. வைகாசியில் இரண்டு பதில்களும் வந்தன. இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நைனா முட்டாள் இல்லை. வாங்குகிறவர்களுக்குள் போட்டி இருப்பதைச் சரியாகவே கண்டுபிடித்தார். ஆனால் அவர் பார்த்தது பாதிச் சந்தை. கல்கத்தாவிலும் டெல்லியிலும் இன்னும் எந்தெந்தத் தேசத்திலோ என்னைப்போல எத்தனையோ பேர் அதே இடத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது அவர் கண்ணில் படவில்லை. நெல்லைக் குதிரில் போட்டுவைத்தால் விலை ஏறும். என்னைப் போட்டுவைத்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். வருகிற அமிலத்தைச் சோதித்துச் சரி என்று கையெழுத்துப் போடும் வேலை. அதில் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. ஏரிப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். நைனாவோடு பல மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் வந்து உட்கார்ந்தால் நான் எழுந்து போய்விடுவேன். அடுத்த வருடமாவது எடுத்துக்கொள்வார்களா என்று, அவருக்குத் தெரியாமல் இரண்டு இடத்துக்கும் உடனேயே மறுபடி எழுதிப் பார்த்தேன். இல்லை என்றுவிட்டார்கள். அதை வீட்டில் நான் சொல்லவில்லை.

அந்தத் தை மாதம், வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது, களத்து மேட்டில் நைனா எனக்காக நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்காமல், கையிலிருந்த வைக்கோலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அவனுங்க இந்த வருசமும் ஆள் கேப்பானுங்க இல்ல? இந்த வாட்டி நான் குறுக்க வரமாட்டேன். இன்னா குடுத்தாலும் சரின்னு சொல்லிட்டு நீ கெளம்பிடு. ஏரோப்ளேனுக்கு டப்பு எடுத்து வெச்சிக்கினு கீறேன்."

சைக்கிளை நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"கேப்பாங்க நைனா" என்றேன்.