இரண்டு மணி

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அப்பாவுக்கு "ரெண்டு மணி" என்று பட்டப்பெயர். கடிகாரத்துக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. தொலைபேசியால் வந்த பெயர் அது.

வேலை முடிந்ததும் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, வாசலருகே சுவரில் மாட்டியிருக்கும் போனில் வீட்டு எண்ணை அழுத்துவார். இரண்டு மணி அடித்ததும் வைத்துவிடுவார். இரண்டு மணி என்றால், "கிளம்பிட்டேன்". ஒரு மணி என்றால், "இன்னிக்கு நேரமாகும், நீ சாப்பிடு". அதற்கு மேல் அவர்கள் போனில் பேசியதில்லை.

பேசவும் முடியாது. நான் பிறப்பதற்கு முன்பே ஒரு காய்ச்சலில் அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. நேரில் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். போனில் வரும் குரல் அவளுக்கு வெறும் இரைச்சல். ஆனால் எங்கள் சிவப்பு போனின் வயிற்றுக்குள் இரும்பு மணி இருந்தது. அது அடித்தால் மேஜையே அதிரும். சாயங்காலமானால் அம்மா ஒரு கையில் வாரப் பத்திரிகையும், மறு உள்ளங்கை மேஜைமேலுமாக உட்கார்ந்திருப்பாள்.

அப்பா வராமல் சாப்பிட மாட்டாள். வயிற்றில் புண் வேறு. பசியோடு காத்திருந்தால் அன்றிரவு சுருண்டு கிடப்பாள். அதனால் அந்த ஒற்றை மணிக்கு எங்கள் வீட்டில் மாத்திரையின் மதிப்பு. செல்போன் வாங்கிக் கொடுத்தும் பார்த்தோம். அது அரிசி டப்பாமேல் சார்ஜ் இறங்கிக் கிடந்தது.

பழைய கம்பி இணைப்பை எடுக்கப் போகிறோம், இனி இன்டர்நெட் வழியாகத்தான் போன் என்று போன் ஆபீசிலிருந்து ஒருநாள் தகவல் வந்தது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கையோடு ஒரு கம்பெனியைச் சிபாரிசு செய்தார்.

"கண்ண மூடிட்டு எடுங்க அத்தான். படம் பாக்கலாம், பாட்டு கேக்கலாம். போன் அதுபாட்டுக்குக் கூடவே வரும்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தார். அந்த வாரமே ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், பூட்டிய கதவின் முன்னால் மழையில் நின்றார். அம்மா நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரியோடு கடைக்குப் போயிருந்தாள்.

"ரெண்டு குடுத்தேனே!"

"ஒண்ணுதான் வந்துச்சு."

"சத்தியமா ரெண்டு."

"உங்க சத்தியம் யாருக்கு வேணும்? என் கை பொய் சொல்லாது."

அன்று சிரித்துக்கொண்டோம். அடுத்த முறை அப்பா ஒரு மணி கொடுத்தார், வீட்டில் ஒன்றுமே அடிக்கவில்லை. அம்மா வெறும் வயிற்றோடு காத்திருந்து, பிறகு விடியும்வரை முனகிக்கொண்டே கிடந்தாள். அப்பா வெந்நீர்ப் பையை மாற்றி மாற்றி வைத்தார்.

கம்பெனி ஆள் வந்து பார்த்தான். "சார், உங்க காதுல கேக்கற மணி வேற, வீட்ல அடிக்கற மணி வேற. உங்களுக்குக் கேக்கறப்போ போன் கால் இன்னும் வழியிலதான் இருக்கும்."

"அப்ப என் காதுல எதுக்குய்யா பொய் சொல்றீங்க?" என்றார் அப்பா.

மறுநாள் சிவப்பு போனைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கடை ஏறி இறங்கத் தொடங்கினார். துணைக்கு நான். முதல் கடையில் ஒரு பெண் இருந்தாள்.

"வேகம் எவ்வளவு சார் வேணும்?"

"வேகம் உங்க இஷ்டம்மா. எனக்கு ரெண்டு மணி வேணும்."

"சரி சார். நாளைக்கு ரெண்டு மணிக்கு ஆள் வரும்."

"ரெண்டு மணிக்கு இல்லம்மா. ரெண்டு மணி!"

"அதான் சார் எழுதிக்கிட்டேன், ரெண்டு மணி."

நான் சிரித்து முடித்து விளக்கிச் சொல்வதற்குள் அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அங்கே போனை மாட்டிப் பார்த்தோம். மணி அடிக்கவில்லை, இருமியது. அவர்களுடைய இன்டர்நெட் பெட்டிக்கு இரும்பு மணியை ஆட்டத் தெம்பில்லை.

கடைசியில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் சின்ன அலுவலகம் ஒன்று அகப்பட்டது. முதலாளியும் மெக்கானிக்கும் ஒரே அம்மாள். கொண்டையில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகியிருந்தார். அப்பா என் செல்போனை வாங்கிக்கொண்டு தெருவுக்கு இறங்கும் முன் சொன்னார்:

"காதால கேக்காதீங்க. மேஜையில கைய வைங்க."

அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையை வைத்தார். முதல் தடவை ஒரு மணி காணாமல் போயிற்று. பெட்டியைத் திறந்து எதையோ மாற்றினார், கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். "இன்னொரு தடவ அடிக்கச் சொல்லுங்க." இப்படியே அப்பா படி ஏறுவதும் இறங்குவதுமாக மதியம் போயிற்று. கடைசித் தடவை மூச்சு வாங்க வந்து நின்றார்.

"எத்தன?"

"மொதல்ல ரெண்டு. அப்புறம் ஒண்ணு."

அப்பா துணிப்பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "இதுதான்" என்றார்.

"வேகம் என்னன்னு நீங்க கேக்கவே இல்லியே சார்?"

"குடுக்கறதக் குடுங்கம்மா."

கொடுத்தது கொஞ்சம்தான். வீட்டுக்கு வரும்போதெல்லாம் மாமா புலம்புவார். "படம் சுத்திக்கிட்டே நிக்குது அத்தான். இது இன்டர்நெட்டா, ராட்டினமா?"

"மணி நிக்குதா? இல்லல்ல? பேசாம உக்காரு."

அதன்பின் பல வருடங்கள் ஒரு மணியும் தவறவில்லை.

அப்பா விழுந்தது சலவைக்கூடத்தில், போர்வை மடிக்கும் மேஜையருகில். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். துணி தள்ளும் வண்டியிலேயே அவரைப் படுக்கவைத்து வார்டுக்குத் தள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். கூட வேலை பார்த்தவர் வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வண்டியத் தள்றதுக்கு முன்னாடி, 'வீட்டுக்கு மணி குடுத்துடு'ன்னாரு. 'ரெண்டுதானே'ன்னு கேட்டேன். 'இல்ல, ஒண்ணு'ன்னாரு."

நான் வீடு போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. அப்பாவின் சாப்பாடு மூடி வைத்திருந்தது. என் முகத்தைப் பார்த்து எழுந்தாள்.

"ஒண்ணு வந்துச்சே. லேட்டாகும்னுதானே?"

அதற்கு என் உதட்டில் என்ன படித்தாளோ தெரியவில்லை. அன்று அவள் பசியோடு இருக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

அப்பா இல்லாமல் மாதங்கள் ஓடிவிட்டன. போன வாரம் செருப்புக் கடை மாடியிலிருந்து அந்த அம்மாள் கூப்பிட்டார். வீட்டு போனில் மாதக்கணக்காக ஓர் அழைப்புகூட இல்லை, அந்த இணைப்பை எடுத்துவிட்டு இன்டர்நெட் வேகத்தைக் கூட்டித் தரட்டுமா என்று கேட்டார். நான் அம்மாவின் எதிரே உட்கார்ந்து நிதானமாகச் சொன்னேன்.

"இருக்கட்டும்" என்றாள் அம்மா.

"யாரும்மா அதுல கூப்பிடப் போறாங்க?"

"ஏன், நீ வேலைக்குப் போகல? கிளம்பறப்ப ரெண்டு குடுத்தா கை தேஞ்சிடுமா?"

நேற்று அலுவலக வாசலில் நின்று இரண்டு மணி கொடுத்தேன். வீடு வந்தபோது கதவு திறந்திருந்தது. அம்மா இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. இரண்டு தட்டு எடுத்து வைத்திருந்தாள்.