ஒன்னேகால் மணி நேரப் பயணம்

பொன்னுத்தங்கத்துக்கு மேனேஜர் மணிகண்டராஜைக் கண்டாலே ஆகாது. இருபத்திரண்டு வருஷமாகத் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிக் குழாய்களுக்குள் மருந்து செலுத்துகிறவள் அவள். அவனோ முதலாளியின் மருமகன் என்ற ஒரே தகுதியில் போன வருஷம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன்.

பெங்களூரில் மகள் பிரீத்திகாவுக்கு அன்று சாயங்காலம் நாலு மணிக்கு ஆபரேஷன் செய்து பிள்ளை எடுக்கிறார்கள். முதல் பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. "நீ வந்து நின்னாத்தான் உள்ள போவேன்" என்று அழுதவள், மதுரையிலிருந்து விமான டிக்கெட்டும் எடுத்து அனுப்பியிருந்தாள்.

லீவு கேட்டதற்கு மணிகண்டராஜ் போனைத் தட்டிப் பார்த்தான். "மதுரைக்கும் பெங்களூருக்கும் முந்நூத்தெழுபது கிலோமீட்டரு. ஒன்னேகால் மணி நேரத்துல போய் எறங்கிருவ. அதுக்கு ஒரு நாள் லீவா? சீசன்ல ஆர்டரை உங்கப்பனா முடிப்பான்? ஒம்பதரை வரைக்கும் பாத்துட்டுப் போ."

மதுரை விமான நிலையத்துக்குப் போய்ச்சேரவே ரெண்டு மணி நேரம் ஆகுமே, அது அந்த மகராசனுக்குப் பயணமில்லையாம். அவனுடைய ஏழு தலைமுறையையும் மனசுக்குள் வைதுகொண்டே பொன்னுத்தங்கம் மருந்து செலுத்தினாள். ஒன்பதரைக்கு, மகள் போனிலேயே பிடித்துவிட்ட வாடகைக் கார் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. குளிக்க நேரமில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சேலையை மாற்றி, தினமும் வேலை அறையில் ஆணியில் தொங்குகிற பையையே எடுத்துக்கொண்டு ஓடினாள்.

விமான நிலையத்தில் சோதனைக்கு நின்ற பெண் அதிகாரி, ஒரு சின்னத் துணிப்பட்டையால் பையையும் அவள் உள்ளங்கையையும் துடைத்து மெஷினில் வைத்தாள். மெஷின் கத்தியது. வெடிமருந்து என்றார்கள். ஒரு நிமிஷத்தில் நாலு பேர் சுற்றி நின்றார்கள்.

"பட்டாசுக் கம்பெனில வேலை பாக்கேன் மேடம்."

"கம்பெனியில ஒருத்தர் அதைச் சொன்னாப் போதும்மா. எழுதிக்கிட்டு விட்ருவோம்."

பொன்னுத்தங்கம் மணிகண்டராஜைப் போனில் கூப்பிட்டுக் கொடுத்தாள். அதிகாரி ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாள்.

"எந்தப் பொன்னுத்தங்கம்? அப்படி யாரும் எங்க பதிவேட்டுல இல்லையே" என்று வைத்துவிட்டான்.

பொன்னுத்தங்கத்துக்கு வந்தது பயமில்லை, ஆத்திரம். மருந்து செலுத்துகிற ஓர் அறைக்குச் சட்டப்படி நாலு பேர்தான் இருக்கலாம். அதற்கு மேல் உட்கார வைத்திருக்கிற அவளைப் போன்ற மிச்சப் பேர் பதிவேட்டில் கிடையாது. சோதனை அதிகாரிகளின் ஜீப் வந்தால் தூக்குச்சட்டியோடு கருவேலங்காட்டுக்குள் ஓடி ஒளிய வேண்டும். கூலி போய்விடுமே என்று இத்தனை வருஷமும் ஓடினாள். வாயைத் திறந்ததில்லை. யாரைக் காப்பாற்ற ஓடினாளோ, அந்த நாய் அவளை ஆளே இல்லை என்கிறது.

மறுபடி மறுபடி துடைத்துப் பார்த்தார்கள், கேள்வி கேட்டார்கள். விமானம் போய்விட்டது. மூன்றரைக்கு விசாரணை அறையில் அவள் போன் அடித்தது.

"எங்கம்மா இருக்க?"

"இங்கனதான்டி, ஆஸ்பத்திரி வாசல்ல. உள்ள விட மாட்டேங்காங்க. நீ தைரியமாப் போ."

"சத்தியமா?"

"ஆத்தா மேல சத்தியம்."

போனை மடியில் வைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரியை நிமிர்ந்து பார்த்தாள்.

"எழுதுங்க மேடம். நாலு பேரு இருக்க வேண்டிய அறையில பதினோரு பேரு உக்காந்திருக்கோம். எல்லாத்தையும் சொல்லுதேன். மொதப் பேரு பொன்னுத்தங்கம்."