கரியாலூர் போகும் வழியில் ஏழுமலை கேட்டது

கல்வராயன் மலைக்குப் போகும் ஆசை எனக்கு அருவியால் வரவில்லை, மோட்சத்தால் வந்தது. சிரிக்க வேண்டாம். நான் புத்தகங்களுக்குப் பிழை திருத்துபவன். சைவம், வைணவம், சமணம், கிறிஸ்தவம், இஸ்லாம் என்று யார் புத்தகம் போட்டாலும் கடைசியில் என் மேசைக்கு வந்து சேரும். போன வருஷம், முத்தியைப் பற்றி எந்தெந்த மதம் என்னென்ன சொல்கிறது என்று ஒரு தலையணைப் புத்தகம் வந்தது. மூன்று மாதம் அதோடு குடித்தனம் நடத்தினேன். முடித்த கையோடு, சமணர்களின் திருநறுங்கொண்டைக் குன்றையும் கல்வராயன் மலையையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று ஐப்பசியில் கிளம்பினேன்.

கிளாம்பாக்கத்தில் காலை ஐந்து மணிக்குப் பேருந்து. உளுந்தூர்பேட்டையில் ஒன்பதேகாலுக்கு இறங்கினேன். கட்டணம் நூற்றெண்பது ரூபாய். நண்பர் சொல்லிவைத்த கார் காத்திருந்தது. ஓட்டுநர் ஏழுமலை, நைனார்பாளையத்துக்காரர், நாற்பது வயதிருக்கும்.

"மலைக்குன்னா மூவாயிரத்து ஐநூறு வாங்குவேன் சார். இன்னிக்கு நானே மேல போவணும்னு இருந்தேன். மூவாயிரம் குடுங்க, போதும்" என்றார். எதற்குப் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஐநூறு மிச்சம் என்ற சந்தோஷம்தான் எனக்கு.

பின்சீட்டில் ஒரு துணிப்பை இருந்தது. கறிக்குழம்பு வாசம். சமணர் குன்றுக்குப் போகிற வண்டியில் கறிக்குழம்பா என்று முனகினேன். "டிக்கில வச்சிட்றேன் சார்" என்று அவரே எடுத்துப் போய் வைத்தார்.

உளுந்தூர்பேட்டையிலிருந்து குன்றுக்கு அரை மணி நேரம். படிகள் அதிகமில்லை, மூட்டுவலிக்காரர்களும் ஏறலாம். ஏழுமலை செருப்பைக் கீழே விட்டுவிட்டு என்னோடு ஏறி வந்தார். மேலே நல்ல காற்று. சுற்றிலும் கரும்பும் நெல்லும். வினையெல்லாம் கழன்றுவிட்டால் உயிர் தானாகவே உலகத்தின் உச்சிக்குப் போய்விடும் என்பது சமணக் கணக்கு என்று அவருக்கு விளக்கினேன். கேட்கிற ஆள் கிடைத்தால் விடுவேனா?

"நீங்க வாத்தியாருங்களா சார்?"

என் தொழிலைச் சொன்னேன்.

"அப்ப எல்லா சாமி புஸ்தகமும் படிச்சிருக்கீங்க."

"படிக்காம எப்படித் திருத்துறது?" என்றேன். அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது உண்மை.

கள்ளக்குறிச்சிக்கு வந்தபோது பன்னிரண்டே முக்கால். கடைத்தெருவில் நூற்றிருபது ரூபாய்ச் சாப்பாடு, ரசம் பிரமாதம். ஏழுமலை சாப்பிட வரவில்லை. "மேல போய்ட்டு சாப்டுக்கறேன் சார்" என்றார். கறிக்குழம்பு இருக்கிறதே, ஓட்டல் சாப்பாடு எதற்கு என்று நானே நினைத்துக்கொண்டேன்.

கச்சிராயபாளையம் தாண்டும்வரை வைணவம் ஓடியது. கடவுள் காப்பாற்றுவதில் இரண்டு கட்சி உண்டு. குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. பூனைக்குட்டி சும்மா இருந்தால் போதும், தாயே கவ்விக்கொண்டு போகும் என்பது மற்றொன்று. இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்கும். ஏழுமலைக்கும் பிடித்தது. கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

"பூனை வாயிலேர்ந்து குட்டி தானா கீழ குதிச்சிட்டா இன்னா சார் பண்ணும்?"

நான் சிரித்தேன். "நல்ல கேள்வி. எந்த ஆச்சாரியாரும் யோசிக்கல" என்றேன்.

"இல்ல சார், கேக்கறேன். தானா உசுர வுட்டவங்களுக்கு மோட்சம் உண்டுங்களா?"

"கிடையாது. அதுல மட்டும் எல்லா மதமும் ஒத்துமை" என்று உற்சாகமாக ஆரம்பித்தேன். ஒவ்வொரு மதமாக எடுத்து, பாவம் என்ன, தண்டனை என்ன, எத்தனை காலம் என்று, பிழை திருத்திய பக்கமெல்லாம் கண்முன்னே ஓட ஒப்பித்தேன். கோமுகி அணை வந்தது, போனது. கொண்டையூசி வளைவுகள் தொடங்கின. நான் நிறுத்தவில்லை. "சரிங்க சார்" என்று மட்டும் ஒருமுறை சொன்னார். பாதையைக் கவனிக்கிறார் என்று நினைத்தேன்.

மலைமேல் அருவியில் நல்ல தண்ணீர். கூட்டம் கம்மி. பாறை வழுக்குகிறது, ரப்பர் செருப்போடு இறங்காதீர்கள். நான் ஒரு மணி நேரம் குளித்தேன். தலை துவட்டும்போது ஏறிட்டுப் பார்த்தேன். ஏழுமலை மேலே சாலையோரம் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மூடினார். கரியாலூரில் தேன் ஒரு பாட்டிலும் சாமை அரிசி இரண்டு கிலோவும் வாங்கினேன். நான்கு மணிக்கு இறங்கத் தொடங்கினோம்.

கச்சிராயபாளையத்தில் டீக்கு நிறுத்தினார். "பசிக்குது சார், தப்பா நெனச்சிக்காதீங்க" என்று பையை எடுத்து வந்து பெஞ்சில் வைத்தார். குழம்புத் தூக்குவாளியையும் இட்லிப் பொட்டலத்தையும் வெளியே எடுத்தபோது கூடவே ஒரு புதுச்சட்டை வந்தது. அதன் நுனியில் மஞ்சள் தடவியிருந்தது. செத்தவர்களுக்குப் படைக்கிற துணிக்கும் அப்படித் தடவுவது உண்டு.

"யாருக்கு ஏழுமலை?"

"தம்பிக்குங்க." இட்லியைப் பிட்டார். "இன்னியோட வருசம் ஆவுது. அவனாதான் போய்ட்டான். அப்பிடிப் போனவனுக்கு வூட்ல படைக்கக் கூடாதுன்னு பங்காளிங்க சொல்லிட்டாங்க. இந்த ரோட்லதான் ஷேர் ஜீப் ஓட்டிக்கினு இருந்தான், அருவின்னா உசுரு. அங்க வச்சி கும்புட்டு வரலாம்னு கொண்டாந்தேன்."

"வைக்கலையா?"

"நீங்க சொன்னீங்களே சார், எதுலயும் எடமில்லன்னு. அவங்கவங்க வூட்டு வழக்கம்னுதான் இத்தினி நாளு நெனச்சேன். எல்லா சாமியும் அதையே சொல்லுதுன்னா, வச்சி இன்னா ஆவப்போவுது?"

அதே புத்தகங்களில் வேறு பக்கங்களும் உண்டு. இரக்கம்தான் கடவுளின் முதல் குணம் என்கிற இஸ்லாமியப் பக்கம். கடைசி மூச்சில் ஒரு நொடி மனம் திரும்பினாலும் போதும் என்கிற கிறிஸ்தவப் பக்கம். கருணைக்குக் கணக்கில்லை என்று சைவமும் வைணவமும் உருகுகிற பக்கங்கள். வடக்கிருந்து உயிர்விட்டவனுக்காக அழுகிற, அவனைத் திட்டாத பழம்பாட்டுகள். எல்லாவற்றையும் அவசர அவசரமாகச் சொன்னேன்.

ஏழுமலை கடைசிவரை கேட்டார். கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"முன்னாடி சொன்னதும் அதே புஸ்தகந்தானுங்களே சார்?"

வண்டியைத் திருப்பலாம், வாடகை நான் தருகிறேன் என்றேன். மலை வேண்டாமென்றால் கோமுகி அணையாவது பக்கத்தில்தானே என்று கெஞ்சினேன்.

"வேணாம் சார். காலைல வெக்கணும்னு இருந்திச்சி. இப்ப தோணல." மீதி இட்லியை எனக்கு நீட்டினார். "சாப்டுங்க, அவனுக்குப் புடிச்ச கொழம்பு."

வேண்டாமென்று எப்படிச் சொல்வது? சாப்பிட்டேன். ஆறரைக்குக் கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டார். கூட ஐநூறு கொடுத்தேன், மூவாயிரத்துக்கு மேல் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு தடவை போன் செய்தேன். "சொல்லுங்க சார், எப்ப வண்டி வேணும்?" என்றே ஆரம்பிக்கிறார். சும்மாதான் கூப்பிட்டேன் என்று வைத்துவிடுகிறேன். தம்பி பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஐப்பசி, கார்த்திகை நல்ல காலம். பெட்ரோலைக் கள்ளக்குறிச்சியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், கையில் சில்லறை வைத்திருங்கள், இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். ஓட்டுநர் தன் பையை எங்கே வைத்திருந்தாலும் அங்கேயே இருக்கட்டும். அவர் ஏதாவது கேட்டால், யாருக்காகக் கேட்கிறார் என்று முதலில் விசாரியுங்கள்.

எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு பூனை வருஷா வருஷம் குட்டி போடும். இடம் மாற்றும்போது ஏதாவது ஒரு குட்டி திமிறிக் கீழே குதித்துவிடும். தாய் மற்றதை விட்டுவிட்டு வந்து, அதைக் கத்திக் கத்தித் தேடிக் கவ்விக்கொண்டு போவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஏழுமலை என்னைக் கேட்டது அதைத்தான்.